நிலைமொழியும் வருமொழியும்: கெர்னல் கூறுகள் பற்றி

இலக்கியம் பேச வந்த பக்கத்தில் கணினியின் உள்ளுறுப்புகளைப் பற்றி என்ன பேச்சு என்று நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். அவர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். பழைய சிற்றிதழ்களைத் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, இணையத்தில் ஏற்றிவைக்கும் வேலையைச் சில ஆண்டுகளாக நாங்கள் செய்துவருகிறோம். அதற்கென நண்பர் ஒருவர் தந்த பழைய மேசைக்கணினியில் லினக்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. கம்பியில்லா இணைப்புக்காகக் கட்டைவிரல் அளவுள்ள யூஎஸ்பி அடாப்டர் ஒன்றைக் கடையில் வாங்கினோம். லினக்ஸிலும் இயங்கும் என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருந்தது. பொய்யில்லை, இயங்கியது. 2016இல் கணினியின் இயக்குதளத்தைப் புதுப்பிக்கும் நாள்வரை இயங்கியது.

மறுநாள் அடாப்டரின் விளக்கு எரியவில்லை. குறுந்தகட்டில் தந்திருந்த இயக்கியை மறுபடி ஏற்ற முயன்றபோது, இந்தக் கூறின் வடிவம் செல்லாது என்று ஒரே வரியில் பதில் வந்தது. தயாரித்தவர்களுக்கு மடல் எழுதினோம். அந்தப் பொருளின் ஆயுள் முடிந்துவிட்டது, பழைய பதிப்புக்கே திரும்பிப் போங்கள் என்று மிகவும் மரியாதையாகப் பதில் எழுதியிருந்தார்கள். பொருள் எங்கள் கையில் பழுதின்றி இருந்தது. அதன் ஆயுள் எங்கே, யாரால் முடிக்கப்பட்டது என்ற கேள்விதான் இந்தக் கட்டுரை.

முதலில் சொற்களைப் பற்றிச் சிறிது. கெர்னல் என்பதைக் கரு என்றும் உட்கரு என்றும் எழுதுகிறார்கள். உயிரியல் நினைவு வந்து குறுக்கிடுவதால் நாங்கள் கெர்னல் என்றே எழுதுகிறோம். டிரைவருக்கு இயக்கி என்ற சொல் அழகாகப் பொருந்திவிட்டது. கணினியின் நினைவகத்தையும் நேரத்தையும் நிரல்களுக்குப் பங்கிட்டுத் தரும் மையநிரல் கெர்னல். ஒரு குறிப்பிட்ட வன்பொருளின் மொழியை அறிந்து, அதற்கும் கெர்னலுக்கும் நடுவே நின்று பேசுவது இயக்கி. மாட்யூல் என்பதைக் கூறு என்போம். கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே கெர்னலுக்குள் ஏற்றவும், வேண்டாதபோது இறக்கவும் இயலும்படி தனிக்கோப்பாகத் தொகுக்கப்பட்ட நிரல்துண்டு அது. லினக்ஸின் இயக்கிகளில் மிகப் பெரும்பான்மை இப்படிக் கூறுகளாகத் தொகுக்கப்படக்கூடியவை.

ஒரு கூறு எழுதுவது நினைப்பதைவிட எளிது. எங்களில் சிலர் வீம்புக்காகவே எழுதிப் பார்த்தோம். இரண்டு செயற்கூறுகள் போதும். ஏறும்போது ஒன்று அழைக்கப்படும், இறங்கும்போது மற்றொன்று. சி மொழியில் இருபது வரிக்குள் அடங்கும். ஓடும் கெர்னலின் தலைப்புக் கோப்புகளை நிறுவிக்கொண்டு, அந்தக் கெர்னல் தொகுக்கப்பட்ட அதே ஏற்பாட்டைக் கொண்டே நம் கோப்பையும் தொகுக்க வேண்டும். இன்ஸ்மாட் என்ற கட்டளையை இட்டால் ஏறிவிடும். பதிவேட்டில் நாம் எழுதிய வணக்கம் தெரியும். ஆர்எம்மாட் என்றால் விடைபெற்றுக்கொள்ளும். அலெசாண்ட்ரோ ரூபினி 1998இல் எழுதிய லினக்ஸ் டிவைஸ் டிரைவர்ஸ் என்ற நூல் இந்தக் கலைக்கு அரிச்சுவடி. ஜோனதன் கார்பெட்டும் கிரெக் குரோவா-ஹார்ட்மனும் சேர்ந்துகொண்ட 2005ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் அந்தப் பதிப்பு 2.6.10 கெர்னலை ஒட்டி எழுதப்பட்டது. அதன் எடுத்துக்காட்டு நிரல்கள் பலவற்றை இன்றைய கெர்னலில் அப்படியே தொகுக்க முடியாது. நூலின் விளக்கங்கள் நிற்கின்றன, நிரல்கள் நிற்கவில்லை.

ஏன் நிற்கவில்லை என்பதைப் புரிந்துகொள்ள நம் இலக்கணத்தின் புணர்ச்சி உதவும். கெர்னல் நிலைமொழி, கூறு வருமொழி. 'காய்' என்ற சொல் வாழையோடு சேர்ந்தால் வாழைக்காய், மாவோடு சேர்ந்தால் மாங்காய். வருமொழி ஒன்றே, நிலைமொழி மாறும்போது சேரும் இடத்தில் தோன்றும் எழுத்து மாறுகிறது. மூலநிரல் என்பது 'காய்' என்ற தனிச்சொல். எந்தக் கெர்னலோடும் அதன் விதிப்படி புதிதாகப் புணர்த்திக்கொள்ளலாம். தொகுத்து முடித்த இருமக் கோப்போ வாழைக்காயிலிருந்து வெட்டி எடுத்த 'க்காய்'. அதைக் கொண்டுபோய் மாவின் பின்னால் ஒட்டினால் ஒட்டாது. எங்கள் குறுந்தகட்டில் இருந்தது அந்தக் 'க்காய்' ஒன்றுதான். தொகுக்கப்பட்ட ஒவ்வொரு கூறின் உள்ளேயும் அது எந்தக் கெர்னல் பதிப்புக்காக, எந்த அமைப்புகளோடு தொகுக்கப்பட்டது என்ற முத்திரை இருக்கும். ஏற்றும்போது கெர்னல் அதைத் தன் முத்திரையோடு ஒப்பிடும். ஒவ்வாவிட்டால் மறுத்துவிடும். மறுப்பது கொடுமையாகத் தோன்றினாலும் அதுவே பாதுகாப்பு. கெர்னலின் உள்கட்டமைப்பில் ஓர் உறுப்பு நான்கு பைட் தள்ளிப் போயிருந்தாலும், பழைய கணக்கில் எழுதும் கூறு வேறெதையோ அழித்துவிடும்.

இப்படி உள்ளே சேர்த்துப் புணர்த்தும் ஏற்பாடே தவறு என்று வாதிட்டவர்களும் உண்டு. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தன் கெர்னலை அறிவித்த சில மாதங்களில், மினிக்ஸை எழுதிய பேராசிரியர் ஆண்ட்ரூ டேனன்பாம் 1992 ஜனவரியில் லினக்ஸ் காலாவதியானது என்று எழுதினார். இயக்கிகளையும் கோப்பமைப்பையும் கெர்னலுக்கு வெளியே தனித்தனி நிரல்களாக நிறுத்தும் நுண்கெர்னல்தான் சரியான வடிவம், எல்லாவற்றையும் ஒரே பாறையாகச் செதுக்குவது பின்னோக்கிய நடை என்பது அவர் கட்சி. டோர்வால்ட்ஸ் பாறையைக் கைவிடவில்லை. ஆயினும் 1995இல் வந்த 1.2 பதிப்பில் ஏற்றி இறக்கும் கூறுகள் இடம்பெற்றன. அதற்கு முன்பெல்லாம் புதிதாக ஒரு வலையட்டை வாங்கினால் கெர்னல் முழுவதையும் மீண்டும் தொகுத்துக் கணினியை மறுபடி துவக்க வேண்டும். கூறுகள் வந்தபின் பாறையில் வேண்டிய இடத்தில் கல்லைச் செருகவும் எடுக்கவும் முடிந்தது. ஆனால் செருகிய கல்லும் பாறையே. கூறுக்கும் கெர்னலுக்கும் நடுவே வேலி எதுவும் இல்லை. ஏறிய கணத்திலிருந்து அது கெர்னலின் முழு அதிகாரத்தோடு இயங்குகிறது.

வேலி இல்லாமையின் விலை என்ன என்பதற்கு 2008இல் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 2.6.27 கெர்னலின் சோதனைப் பதிப்புகளை ஓட்டிப் பார்த்த சிலருடைய கணினிகளில் இன்டெல் வலையட்டைகள் திடீரென்று செத்துப்போயின. அட்டையின் நிலைநினைவகத்தில் எழுதப்பட்டிருந்த அடிப்படைத் தகவல்களே அழிந்திருந்தன. கணினியை மறுபடி துவக்கிப் பயனில்லை, பழைய கெர்னலுக்குத் திரும்பியும் பயனில்லை. இஆயிரம்இ என்ற அந்த அட்டையின் இயக்கியைத்தான் எல்லாரும் முதலில் குற்றவாளியாக நிறுத்தினார்கள். வாரக்கணக்கில் தேடினார்கள். அக்டோபரில் 2.6.27 வெளியானபோதும் அட்டையின் நினைவகத்தைப் பூட்டிவைக்கும் ஒரு தடுப்பு இருந்ததே தவிர, காரணம் தெரிந்திருக்கவில்லை.

காரணம் சம்பந்தமே இல்லாத ஒரு மூலையில் இருந்தது. ஒரு கூறு ஏறும்போது ஒரே ஒரு முறை மட்டும் ஓடவேண்டிய துவக்கநிரல் அதில் உண்டு. அது ஓடி முடிந்ததும் கெர்னல் அந்த நினைவிடத்தை விடுவித்து வேறு பயனுக்குக் கொடுத்துவிடும். சிக்கனமான ஏற்பாடு, நல்ல ஏற்பாடு. அந்தப் பதிப்பில் புதிதாக வந்த எப்டிரேஸ் என்ற கண்காணிப்புக் கருவி, செயற்கூறுகளின் முகவரிகளையெல்லாம் குறித்துவைத்துக்கொண்டு பின்னர் அங்கே போய் நிரலைத் திருத்தும். விடுவிக்கப்பட்ட துவக்கநிரலின் முகவரிகளும் அதன் பட்டியலில் தங்கிவிட்டன. காலியான அந்த முகவரியில் அட்டையின் நிலைநினைவகம் குடியேறியிருந்தால், கருவியின் எழுத்து அதன்மேல் விழுந்தது. பழைய விலாசத்துக்குப் போன கடிதத்தைப் புதிதாகக் குடிவந்தவர் பிரித்த கதை. உடனடியாக வந்த 2.6.27.1 பதிப்பில் அந்த வசதி முடக்கப்பட்டது.

இந்தக் கதையில் எங்களை ஈர்ப்பது அது எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது என்பதே. இயக்கியை எழுதியவர்கள் ஒரு நிறுவனத்தினர், கண்காணிப்புக் கருவியை எழுதியவர் வேறோர் இடத்தவர், சோதித்தவர்கள் பல நாட்டினர். இவர்களில் எவரும் மற்றவரின் நிரலைத் திறந்து படிக்க முடிந்தது. அந்த இயக்கி மட்டும் மூடிய இருமக் கோப்பாக இருந்திருந்தால், குற்றம் அதன்மீதே நிரந்தரமாக நின்றிருக்கும். அது குற்றமற்றது என்று நிறுவுவதற்குக்கூட அதைப் படித்தாக வேண்டும்.

இதனால்தான் கெர்னல்காரர்கள் 2001இல் ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு கூறும் தன் உரிமம் என்ன என்று தன் உடம்பிலேயே எழுதிவைத்திருக்க வேண்டும். ஜிபிஎல் போன்ற திறந்த உரிமம் இல்லாத கூறு ஏறினால் கெர்னல் மறுக்காது. ஆனால் தன்னைக் கறைபட்டது என்று குறித்துக்கொள்ளும். அதற்குப் பின் கணினி விழுந்து, விழுந்த விவரத்தை அஞ்சலில் அனுப்பினால், கறையைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் அதை ஒதுக்கிவைப்பார்கள். தம்மால் படிக்க முடியாத நிரல் உள்ளே திரிந்த வீட்டில் நடந்த களவுக்குத் தாம் துப்புத் துலக்க இயலாது என்பது அவர்கள் நிலை. அதோடு, கெர்னலின் சில உட்செயற்கூறுகள் ஜிபிஎல் கூறுகளுக்கு மட்டுமே திறக்கும் கதவுகளாகவும் ஆக்கப்பட்டன.

கறை என்ற சொல்லைப் பலர் கடிந்துகொண்டார்கள். தீட்டு என்றுகூட மொழிபெயர்க்கலாம் அதை, அப்படிப் பார்த்தால் நமக்கும் கசக்கும். ஆனால் தீட்டு பிறப்பால் வருவதாகச் சொல்லப்பட்ட பொய். இங்கே கறை என்பது தகவல், பொறுப்பேற்க இயலாத ஒன்று உள்ளே வந்திருக்கிறது என்ற ஒப்புதல். 2012 முதல் கெர்னல் மரத்துக்கு வெளியே தொகுக்கப்பட்ட கூறு எதுவாயினும், அது ஜிபிஎல் உரிமமே கொண்டிருந்தாலும், தனியாக ஒரு குறியைப் பெறுகிறது. நல்லவர் கெட்டவர் என்ற பாகுபாடு அல்ல அது.

கறையிலிருந்து தப்பப் பார்த்தவர்களின் கதை ஒன்று சுவையானது. லினுக்ஸன்ட் என்ற நிறுவனம் சில மோடங்களுக்கான இயக்கியை விற்றுவந்தது. நிரலின் ஒரு பகுதி திறந்தது, மறுபகுதி மூடியது. 2004இல் அதன் கூறுகளைப் பிரித்துப் பார்த்த ஒருவர் உரிமம் எழுதப்படும் இடத்தில் ஒரு வேடிக்கையைக் கண்டார். ஜிபிஎல் என்ற மூன்றெழுத்துக்குப் பின் சுழியக் குறி ஒன்று. அதற்குப் பிறகு, ஒரு குறிப்பிட்ட கோப்புறையில் உள்ள கோப்புகளுக்கு மட்டும் அந்த உரிமம், மற்றவற்றுக்கு வேறு உரிமம் என்ற பொருளில் மீதி வாக்கியம். சி மொழியில் ஒரு சரம் சுழியக் குறியோடு முடிந்துவிடும். எனவே கெர்னலின் கண்ணுக்கு ஜிபிஎல் என்பது மட்டுமே தெரிந்தது. மனிதக் கண்ணுக்கு முழு வாக்கியமும் இருந்தது. ஒரே வரியில் இருவருக்கு இரண்டு பொருள் சொல்லும் சிலேடை. காளமேகம் கேட்டிருந்தால் புன்னகைத்திருப்பார்.

ஒரே இயக்கி பல கூறுகளாக இருந்ததால் எச்சரிக்கை திரும்பத் திரும்ப வந்து வாடிக்கையாளர்களைக் குழப்பியது, அதைத் தவிர்க்கவே அப்படிச் செய்தோம் என்று நிறுவனம் விளக்கம் தந்தது. அந்த விளக்கம் முழுப் பொய் என்று நாங்கள் நினைக்கவில்லை. ஆனால் எச்சரிக்கையைக் கேட்க வேண்டியவர் வாடிக்கையாளர்தானே? குழப்பம் என்று அவர்கள் சொன்னது உண்மையைத்தான். பின்னர் கெர்னலின் மூலநிரலிலேயே இரண்டு கூறுகளின் பெயர்கள் நேரடியாக எழுதப்பட்டுப் பல ஆண்டுகள் இருந்தன. ஒன்று இதே நிறுவனத்தின் டிரைவர்லோடர். மற்றொன்று விண்டோஸ் இயக்கிகளை லினக்ஸுக்குள் ஓட்டிக்காட்டிய என்டிஸ்ராப்பர். இவை தம்மைப் பற்றி என்ன சொல்லிக்கொண்டாலும் கறையாகவே கொள்க என்பது அந்த வரிகளின் பொருள்.

இனிச் சர்ச்சைக்கு வருவோம். விண்டோஸில் ஒரு முறை எழுதிய இயக்கி பல ஆண்டுகள் ஓடுகிறதே, லினக்ஸ் மட்டும் ஏன் இயக்கிகளுக்கு மாறாத இடைமுகம் ஒன்றை வகுத்துத் தரக்கூடாது? வகுத்திருந்தால் எங்கள் அடாப்டர் செத்திருக்காது. இந்தக் கேள்வி எங்களுக்கும் எழுந்தது, கோபத்தோடு எழுந்தது. குரோவா-ஹார்ட்மன் இதற்கு எழுதிய பதில் கெர்னலின் ஆவணங்களோடேயே வைக்கப்பட்டிருக்கிறது. கெர்னலுக்கும் பயனர் நிரல்களுக்கும் இடையிலான இடைமுகம் மாறாதது. பழங்காலத்தில் தொகுத்த நிரல் இன்றும் ஓட வேண்டும் என்பதில் அவர்கள் கண்டிப்பானவர்கள். மாறுவது கெர்னலுக்கு உள்ளே மட்டும். யூஎஸ்பி அடுக்கை அவர்கள் பலமுறை உள்ளிருந்து திருத்தி எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் இடைமுகத்தை மாற்றுபவரே கெர்னல் மரத்துக்குள் இருக்கும் எல்லா இயக்கிகளையும் சேர்த்துத் திருத்திவிடுவார். கெர்னலின் மூலநிரலில் பாதிக்கும் மேல் இயக்கிகளே. அவற்றின் உரிமையாளர்கள் பலர் வேறு வேலைக்குப் போயிருக்கலாம், நிறுவனமே மூடியிருக்கலாம். யாரோ ஒருவர் இடைமுகத்தை மாற்றும்போது அந்த அநாதை இயக்கிகளுக்கும் சோறு கிடைத்துவிடுகிறது. உள்ளே வந்த இயக்கிக்கு நிலையான இடைமுகம் தேவையில்லை. வெளியே நிற்பதற்கே தேவை.

இந்த வாதம் எங்களுக்கு ஏற்புடையது. ஆனால் அதைச் சொல்லும் தொனியில் ஒரு குறை உண்டு. வெளியே நிற்கத் தீர்மானித்தவர் தயாரிப்பாளர், தண்டனை பெறுபவர் வாங்கியவர். இருவருக்கும் ஒரே பதிலைச் சொல்லி நகர்வது நியாயமில்லை. கெர்னல் ஒவ்வொரு புதுப்பிப்பின்போதும் வெளிக்கூறுகளைத் தானாகவே மறுபடி தொகுத்துக்கொள்ளும் டிகேஎம்எஸ் என்ற ஏற்பாட்டை டெல் நிறுவனத்தில் உருவாக்கினார்கள். நல்ல உதவி அது, எத்தனையோ பேருக்குக் கைகொடுத்திருக்கிறது. ஆனால் அதற்கும் தொகுக்க மூலநிரல் வேண்டுமே.

சட்டைப்பையில் இருக்கும் தொலைபேசியை எடுத்துக்கொண்டால் விஷயம் இன்னும் கூர்மையாகிறது. ஆண்ட்ராய்டின் அடியில் ஓடுவது லினக்ஸ் கெர்னல்தான். சில்லு செய்தவர் தன் இயக்கிகளுக்காக ஒரு கெர்னலை வெட்டி ஒட்டித் தருவார், தொலைபேசி செய்பவர் அதன்மேல் இன்னும் சில ஒட்டுகளைப் போடுவார். அந்தக் கெர்னலைப் புதியதற்கு நகர்த்துவது பெருவேலையாகிவிடும், யாரும் செய்யமாட்டார்கள். திரையும் பேட்டரியும் நன்றாக இருக்கும் தொலைபேசிகள் பழைய கெர்னலில் உறைந்து, பாதுகாப்புத் திருத்தங்கள் வராமல் பயனற்றுப் போவதற்கு இது முக்கியமான ஒரு காரணம். இதைச் சமாளிக்க கூகுள் பொதுக் கெர்னல் ஒன்றை வகுத்தது. 5.10 கெர்னலோடு ஆண்ட்ராய்டு 12இல் வெளிவரும் கருவிகளிலிருந்து, கெர்னல் பொதுவானது, நிறுவனங்களின் இயக்கிகளெல்லாம் கூறுகளாகத் தனியே நிற்க வேண்டும் என்றாக்கியது. குறிப்பிட்ட ஒரு கெர்னல் கிளைக்குள் அந்தக் கூறுகளுக்கான இடைமுகம் மாறாது என்ற உறுதியும் தந்தது. மையக் கெர்னல் மறுத்துவந்த உறுதியை, குறைந்த ஆயுளோடு, ஒருவர் தம் செலவில் தந்திருக்கிறார். தொலைபேசி வைத்திருப்பவர்களுக்கு இது நன்மை என்பதை மறுக்க மாட்டோம். ஆனால் கிளை முடிந்தால் உறுதியும் முடியும். மூடிய கூறுக்கு இது ஆயுள் நீட்டிப்பு மட்டுமே.

மூலநிரல் கேட்பது இலட்சியவாதிகளின் பிடிவாதம் என்று சொல்பவர்களுக்கு ஒன்றை நினைவூட்டலாம். கட்டற்ற மென்பொருள் இயக்கமே ஓர் இயக்கியின் முன் தொடங்கியதுதான். 1980ஐ ஒட்டி எம்ஐடியின் செயற்கை நுண்ணறிவுக் கூடத்துக்கு ஜெராக்ஸ் அச்சுப்பொறி ஒன்று வந்தது. தாள் சிக்கினால் எல்லாருக்கும் செய்தி அனுப்பும் வசதியை முந்தைய அச்சுப்பொறியின் நிரலில் ரிச்சர்டு ஸ்டால்மன் சேர்த்திருந்தார். புதியதில் சேர்க்க முடியவில்லை, மூலநிரல் தரப்படவில்லை. அதை வைத்திருந்த பல்கலைக்கழக ஆய்வாளரிடம் நேரில் போய்க் கேட்டபோது, தர மாட்டேன் என்று உறுதிமொழி கொடுத்திருக்கிறேன் என்றார் அவர். தாள் சிக்கியது தெரியாமல் மாடிப்படி ஏறி இறங்கியவர்களின் எரிச்சல்தான் அதன் தொடக்கம்.

நிறுவனங்கள் மனம் மாறுவதும் உண்டு. ஏதெராஸ் கம்பியில்லா அட்டைகளுக்கு (எங்கள் அடாப்டர் அது அல்ல) மேட்வைஃபை என்ற இயக்கி இருந்தது. அதன் நடுவே வன்பொருளோடு நேராகப் பேசும் அடுக்கு மட்டும் மூடிய இருமமாக இருந்தது. அதனால் அது கெர்னல் மரத்துக்குள் வர முடியவில்லை. ஓபன்பிஎஸ்டி அமைப்பைச் சேர்ந்த ரெய்க் ஃப்ளோட்டர், அட்டையின் நடத்தையைக் கவனித்தே அந்த அடுக்கைத் திறந்த நிரலாகத் திரும்ப எழுதினார். அந்த உழைப்பின் மேல் எழுந்த ஏத்5கே இயக்கி 2008இல் 2.6.25 கெர்னலில் சேர்ந்தது. அதே ஆண்டு அந்த நிறுவனமே தன் புதிய அட்டைகளுக்கு ஏத்9கே என்ற திறந்த இயக்கியை வெளியிட்டது. பழைய அடுக்கின் மூலநிரலும் அவ்வாண்டே வெளிவந்தது. கதவைத் தட்டாமல் சுவரைக் கட்டிக் காட்டியதும் கதவு திறந்தது.

என்விடியாவின் கதை அவ்வளவு தெளிவாக முடியவில்லை. 2012இல் ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் பேசிய டோர்வால்ட்ஸ், அந்த நிறுவனத்தைக் குறித்து நடுவிரலை உயர்த்திக் காட்டியது உலகறிந்தது. எங்களுக்கு அந்தச் சைகை உவப்பில்லை. 2022 மே மாதம் என்விடியா தன் கெர்னல் கூறுகளின் மூலநிரலை ஜிபிஎல், எம்ஐடி என்ற இரட்டை உரிமத்தில் வெளியிட்டது. பலரும் வெற்றி என்று எழுதினார்கள். உள்ளே பார்த்தால், முன்பு கூறுக்குள் இருந்த வேலையில் பெரும்பகுதி அட்டையிலேயே உள்ள ஒரு சிறு செயலியில் ஓடும் நிலைநிரலுக்குள் நகர்ந்திருந்தது. அந்த நிலைநிரல் மூடியது. அத்தகைய செயலி உள்ள, 2018 முதல் வந்த தலைமுறை அட்டைகளுக்குத்தான் இந்தத் திறந்த கூறுகள் பொருந்தும். கெர்னலுக்குள் இப்போது படிக்கத்தக்க நிரல் இருக்கிறது, அது உண்மையான ஆதாயம். கெர்னல் மாறும்போது அந்தக் கூறை யாரும் திருத்திக்கொள்ளலாம். ஆனால் இருட்டு ஓர் அறை தள்ளிப் போயிருக்கிறது.

இதன் நடுவே இன்னொரு பூட்டும் வந்திருக்கிறது. 2012 இறுதியில் வந்த 3.7 கெர்னல் முதல் கூறுகளுக்குக் கையொப்பம் இடும் வசதி உண்டு. பாதுகாப்பான துவக்கம் இயங்கும் கணினியில் பெரும்பாலான லினக்ஸ் வழங்கல்கள் கையொப்பமில்லாத கூறை ஏற்ற மறுக்கும். கெர்னலுக்குள் திருட்டுக் கூறு நுழையாமல் காக்க இது தேவைதான். நம் கணினியில் நாமே தொகுத்த கூறை ஏற்ற, சாவி ஒன்றை நாமே உருவாக்கி, கணினி துவங்கும்போது தோன்றும் திரையில் அதைப் பதிந்துகொள்ள வேண்டும். தொல்லை, ஆனால் பொறுத்துக்கொள்ளக்கூடிய தொல்லை. சாவியைப் பதியும் உரிமை கணினியின் உடைமையாளரிடம் இருக்கும்வரை எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. பல தொலைபேசிகளில் அந்த உரிமை இல்லை.

அடாப்டருக்குத் திரும்புவோம். ஓராண்டு அது மேசை இழுப்பறையில் கிடந்தது. அதனுள் இருந்த சில்லுக்கு முகந்தெரியாத ஓர் ஆர்வலர் எழுதிவைத்திருந்த இயக்கியின் மூலநிரல் 2017இல் எங்கள் கண்ணில் பட்டது. இறக்கித் தொகுத்தோம், ஏறியது. வெளிக்கூறு கெர்னலைக் கறைப்படுத்துகிறது என்று பதிவேட்டில் ஒரு வரி விழுந்தது. விழட்டும் என்று விட்டுவிட்டோம். அடுத்த ஆண்டு 4.15 கெர்னல் வந்ததும் தொகுப்பு மறுபடி நின்றது. கெர்னலின் காலக்கணிப்பான்களை அமைக்கும் முறையை அந்தப் பதிப்பில் மாற்றியிருந்தார்கள். முன்பு நேரம் வந்ததும் அழைக்கப்படும் செயற்கூறுக்கு வெறும் எண் ஒன்று கையளிக்கப்படும், இப்போது அந்தக் கணிப்பானின் முகவரியே கையளிக்கப்படும். ஆர்வலரோ அந்த இயக்கியைக் கவனிப்பதை நிறுத்திவிட்டிருந்தார்.

எங்களில் ஒருவரும் நிரலாளர் அல்லர். தமிழாசிரியர், வங்கி ஊழியர், மெய்ப்புத் திருத்துபவர் என்று இருந்தோம். தொகுப்பி எந்த வரியில் என்ன தவறு என்று சொல்லியது. கெர்னல் மரத்துக்குள் இருந்த வேறு இயக்கிகளில் அதே மாற்றத்தை எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பார்த்து, அதுபோல எழுதினோம். இரண்டு முறை தவறாயிற்று, ஒரு முறை கணினி உறைந்துபோய் மின்சாரத்தை நிறுத்த வேண்டியிருந்தது. மூன்றாம் முறை விளக்கு எரிந்தது. மாற்ற வேண்டியிருந்தவை மொத்தம் பதினொரு வரிகள். அன்று மாலையே, ஓராண்டாக மெய்ப்புப் பார்த்து வைத்திருந்த இரண்டு இதழ்களை அந்தக் கணினியிலிருந்தே ஏற்றினோம்.